பேண்தகு வளர்ச்சியும் அமைதியும்

பேண்தகு வளர்ச்சியும் அமைதியும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் அவையின் ஆவணங்கள் வழியாக நிலைபெற்ற ஒரு கருத்து ஆகும். நீர், நிலம், உணவு போன்ற வளங்கள் அருகும்போது அவற்றைப் பகிர்ந்துகொள்ளும் சமூகங்களிடையே பிணக்கு தோன்றுகிறது; பிணக்கு நீடித்தால் வளங்களைப் பேணும் பணி தடைப்படுகிறது என்பதே இதன் சாரம். இக்கருத்து போர் நடைபெறும் நாடுகளுக்கு மட்டுமன்றி, போரைக் காணாத நகரங்களுக்கும் பொருந்தும். கிருஷ்ணா, காவிரி ஆகிய ஆறுகளின் நீரை நம்பியிருக்கும் சென்னை இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.

கருத்துருவின் வளர்ச்சி

நோர்வேயைச் சேர்ந்த குரோ ஆர்லம் புருன்ட்லாண்ட் தலைமையில் இயங்கிய ஐக்கிய நாடுகள் ஆணையம் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட "நமது பொது எதிர்காலம்" என்னும் அறிக்கை, பேண்தகு வளர்ச்சிக்குப் பரவலாக ஏற்கப்பட்ட வரையறையைத் தந்தது. வருங்காலத் தலைமுறையினரின் தேவைகளுக்கு ஊறு நேராமல் இன்றைய தேவைகளை நிறைவு செய்வதே பேண்தகு வளர்ச்சி என்பது அவ்வரையறை. இவ்வறிக்கையின் ஒரு இயல் அமைதி, பாதுகாப்பு ஆகியவற்றைப் பற்றியது. சூழல் சீர்கேடு அரசியல் பதற்றத்தின் காரணமாகவும் விளைவாகவும் அமையலாம் என அது விளக்கியது.

1992ஆம் ஆண்டு இரியோ டி செனீரோ நகரில் கூடிய புவி உச்சி மாநாட்டின் சாற்றுரை 27 கொள்கைகளைக் கொண்டது. போர் இயல்பிலேயே பேண்தகு வளர்ச்சியை அழிப்பது என 24ஆம் கொள்கையும், அமைதி, வளர்ச்சி, சூழல் காப்பு மூன்றும் பிரிக்க இயலாதவை என 25ஆம் கொள்கையும் கூறுகின்றன. 2015இல் ஏற்கப்பட்ட 17 பேண்தகு வளர்ச்சி இலக்குகளுள் 6ஆவது தூய நீரையும், 16ஆவது அமைதி, நீதி ஆகியவற்றையும் குறிக்கின்றன.

அமைதிக்கான நோபல் பரிசு 1970இல் கோதுமை ஆய்வாளர் நார்மன் போர்லாக்கிற்கும், 2004இல் கென்யாவில் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிய வங்காரி மாத்தாய்க்கும் வழங்கப்பட்டது. கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் ம. சா. சுவாமிநாதன் (1925–2023) 1988இல் சென்னை தரமணியில் ஓர் ஆய்வு நிறுவனத்தை நிறுவினார். அவர், அணு ஆயுத ஒழிப்புக்காகப் பாடுபடும் பக்வாசு மாநாடுகள் அமைப்பின் தலைவராக 2002 முதல் 2007 வரை பணியாற்றினார். உணவுப் பாதுகாப்பும் அமைதியும் இணைந்தவை என்னும் கருத்து அவரது பணியில் தொடர்ந்து இடம்பெற்றது.

சென்னையின் நீர்

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இதன் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. நகரில் ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இல்லை. எனவே, மூன்று மாத மழையை ஏரிகளிலும் குளங்களிலும் தேக்கி வைத்தே இப்பகுதி மக்கள் வாழ்ந்து வந்தனர்.

நகரம் விரிவடைந்தபோது இந்நீர்நிலைகள் பல மறைந்தன. தியாகராய நகர் 1920களில் ஒரு பெரிய ஏரியின் படுகையில் உருவாக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் உள்ள "லேக் வியூ சாலை" என்னும் பெயர் அவ்வேரியின் நினைவாக எஞ்சியுள்ளது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. தென்சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலமும் பெருமளவு சுருங்கியது. உள்ளூர் நீர் குறையக் குறைய, நகரம் தொலைவிலுள்ள ஆறுகளை நாட வேண்டியதாயிற்று.

கிருஷ்ணா நீர்

1976ஆம் ஆண்டு மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களும் தத்தம் கிருஷ்ணா நீர்ப் பங்கிலிருந்து ஆண்டுக்கு 5 டி.எம்.சி. வீதம் சென்னைக்கு விட்டுக்கொடுக்க இசைந்தன. வழியில் ஏற்படும் இழப்பு போக 12 டி.எம்.சி. நீரைத் தமிழ்நாட்டு எல்லையில் வழங்குவதற்கான உடன்பாடு 1983இல் ஏற்பட்டது. அப்போது ம. கோ. இராமச்சந்திரன் தமிழ்நாட்டிலும், என். டி. இராமராவ் ஆந்திரத்திலும் முதலமைச்சர்களாக இருந்தனர். தெலுங்கு கங்கை எனப்படும் இத்திட்டத்தின் நீர் 1996இல் பூண்டி நீர்த்தேக்கத்தை வந்தடைந்தது.

இதே திட்டத்தால் இராயலசீமை, நெல்லூர்ப் பகுதிகளின் வயல்களும் பாசனம் பெறுகின்றன. இரு தரப்பினருக்கும் பயன் இருந்தமை இவ்வுடன்பாடு நிலைத்ததற்கு ஒரு காரணம் எனலாம். எனினும் பெரும்பாலான ஆண்டுகளில் சென்னைக்கு முழு அளவு நீர் கிடைக்கவில்லை. மேல்நிலையில் வறட்சி ஏற்படும்போது, கடைசியில் உள்ள சென்னையே முதலில் குறைவை உணர்கிறது.

காவிரி நீர்

2004 முதல் கடலூர் மாவட்டத்தின் வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட குழாய் வழியாகச் சென்னைக்கு நீர் வருகிறது. இவ்வேரி காவிரியின் கிளையான கொள்ளிடத்திலிருந்து நீர் பெறுவது; சுற்றியுள்ள உழவர்களின் பாசனத்துக்கும் பயன்படுவது. இதனால் சென்னை மக்களின் குடிநீர், காவிரி ஆற்று நீர்ப் பிணக்கோடு பிணைக்கப்பட்டது.

காவிரி நடுவர் மன்றம் 1990இல் அமைக்கப்பட்டது. 1991 டிசம்பரில், அதன் இடைக்காலத் தீர்ப்பைத் தொடர்ந்து கருநாடகத்தில் தமிழர்களுக்கு எதிராக வன்முறை நிகழ்ந்து உயிரிழப்புகள் ஏற்பட்டன. பலர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2016 செப்டம்பரில் பெங்களூரில் மீண்டும் கலவரம் மூண்டது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. பெங்களூரின் குடிநீர்த் தேவையையும், தமிழ்நாட்டின் நிலத்தடி நீர் இருப்பையும் நீதிமன்றம் கணக்கில் கொண்டது. அவ்வாண்டே காவிரி மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது.

2019 வறட்சி

2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டன. சூலை மாதம் சோலார்பேட்டையிலிருந்து தொடருந்து மூலம் சென்னைக்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. ஒரு தொடருந்து 25 இலட்சம் லிட்டர் நீரைச் சுமந்து வந்தது. சுற்றுப்புற ஊர்களின் கிணறுகளிலிருந்து லாரிகளில் நீர் எடுக்கப்பட்டதை அவ்வூர் மக்கள் பல இடங்களில் எதிர்த்தனர். இதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 2015 டிசம்பரில், அடையாறு பெருக்கெடுத்துக் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய பகுதிகள் மூழ்கியிருந்தன. மழை நீரைத் தேக்க இடமில்லாத நகரம் வெள்ளம், வறட்சி இரண்டுக்கும் ஆளாகும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டின.

பேணும் முயற்சிகள்

2003ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் குளம் போன்றவற்றில் தேங்கும் மழைநீர், சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம் உயர உதவுகிறது. அடையாறு கழிமுகத்தின் ஒரு பகுதி சீரமைக்கப்பட்டு, 2011இல் அங்கு அடையாறு பூங்கா திறக்கப்பட்டது. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் இயங்கத் தொடங்கின. இவை மழையைச் சாராதவை எனினும் மிகுந்த மின்னாற்றலை வேண்டுபவை.

மாற்றுக் கருத்துகள்

வளர்ச்சி தானாகவே அமைதியைத் தரும் என்பதை அனைவரும் ஏற்பதில்லை. பெரிய அணைகளும் கால்வாய்களும் மக்களை இடம்பெயரச் செய்து புதிய பிணக்குகளை உருவாக்கலாம். நீர்ப் பற்றாக்குறை எப்போதும் மோதலில் முடிவதில்லை என்றும் சுட்டப்படுகிறது. 1960இல் இந்தியாவும் பாக்கித்தானும் செய்துகொண்ட சிந்து நீர் உடன்படிக்கை 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்களுக்குப் பின்னரும் நிலைத்தது. ஆயினும் 2025 ஏப்ரலில் இந்தியா அதனை நிறுத்தி வைத்தது. உடன்படிக்கைகள் பிணக்கைத் தணிக்க வல்லவை. ஆனால் அவை அரசுகளின் நல்லுறவைச் சார்ந்தவை. தன் எல்லைக்குள் பெய்யும் மழையைப் பேணும் நகரம் பிறர் நீரைக் குறைவாகவே கேட்க நேரிடும். அவ்வகையில் ஓர் ஏரியைக் காப்பதும் அமைதிக்கான பணியாகக் கொள்ளத்தக்கது.

இவற்றையும் பார்க்க

பேண்தகு வளர்ச்சி
காவிரி ஆற்று நீர்ப் பிணக்கு
தெலுங்கு கங்கைத் திட்டம்
மழைநீர் சேகரிப்பு
பள்ளிக்கரணை சதுப்புநிலம்