கிராமங்களுக்குத் திட்டம் உண்டு, கசார்வாடிக்கு? டிஜிட்டல் சமத்துவத்தில் பல்கலைக்கழகங்களின் பங்கு என்ன?

புனே: மகாராஷ்டிரத்தில் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளிகளில் ஒதுக்கப்படும் 25 சதவீத இடங்களுக்குப் பெற்றோர் இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதிகளில் 11-ஆம் வகுப்புச் சேர்க்கையும் இணையவழியிலேயே நடைபெறுகிறது. படிவத்தை நிரப்பி, சான்றிதழ்களைப் பதிவேற்றி, கைப்பேசிக்கு வரும் ஓடிபி எண்ணை உரிய நேரத்துக்குள் உள்ளிடத் தெரியாத பெற்றோரின் குழந்தை, வரிசையில் நிற்கும் முன்பே இடத்தை இழக்கக்கூடும்.

தொழிற்சாலைகள் நிறைந்த பிம்ப்ரி-சிஞ்ச்வட் மாநகராட்சிக்கு உட்பட்டது கசார்வாடி. புனே - லோனாவாலா புறநகர் ரயில் பாதையில் அமைந்துள்ள இப்பகுதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகம் இயங்குகிறது. நாட்டின் முதல் 'பரம்' மீகணினி 1991-இல் உருவானதும் இந்நகரில்தான். ஆயினும், அண்டை வீட்டாரின் கணினி அறிவுக்கு இந்த அருகாமை தானாக உதவிவிடுவதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2017-18 ஆய்வின்படி, நகர்ப்புறக் குடும்பங்களில் 42 சதவீதத்துக்கு மட்டுமே இணைய வசதி இருந்தது. கிராமப்புறத்தில் இது 14.9 சதவீதம். நகரவாசிகளில் கணினியை இயக்கத் தெரிந்தவர்கள் 32.4 சதவீதத்தினரே. அதன் பின்னர் மலிவான டேட்டா திட்டங்களால் இணையம் பரவியுள்ளது உண்மை. எனினும், கைப்பேசியில் காணொலி பார்ப்பதும் அரசு விண்ணப்பம் ஒன்றைப் பிழையின்றி முடிப்பதும் ஒன்றல்ல.

திட்டங்கள் எங்கே நிற்கின்றன?

உயர்கல்வி நிறுவனங்களைச் சமூகத்துடன் இணைக்க 2014-இல் தொடங்கப்பட்ட 'உன்னத் பாரத் அபியான்' திட்டத்தை டெல்லி ஐஐடி ஒருங்கிணைக்கிறது. இதில் சேரும் கல்வி நிறுவனம் குறைந்தது 5 கிராமங்களைத் தத்தெடுக்க வேண்டும். 2017 முதல் 2024 மார்ச் வரை செயல்பட்ட பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், 20 மணி நேரப் பாடத்திட்டத்தின் மூலம் 6 கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பயிற்சி அளித்தது. இரண்டுமே கிராமங்களுக்கானவை. மாநகராட்சி எல்லைக்குள் வாழும் கூலித் தொழிலாளிக்கு இவற்றில் இடமில்லை.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடியது, 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம். இதன் அலகுகள் கிராமத்தை மட்டுமின்றி நகர்ப்புறக் குடிசைப் பகுதியையும் தத்தெடுக்கலாம் என்பது குறிப்பிடத்தக்கது. ஒரு மாணவத் தொண்டர் ஆண்டுக்கு 120 மணி நேரம் பணியாற்ற வேண்டும். மேற்கண்ட 20 மணி நேரப் பாடத்தை அதற்குள் பலமுறை நடத்த முடியும். மரக்கன்று நடுவதும் தெருவைத் தூய்மை செய்வதும் நல்ல பணிகளே. ஆனால், விண்ணப்பக் காலத்தில் ஒரு மடிக்கணினியுடன் தெருமுனையில் அமரும் மாணவர் அதற்குச் சற்றும் குறைந்த சேவையைச் செய்யவில்லை.

மேலூர் தரும் பாடம்

இத்தகைய முயற்சிகளில் தொடங்குவதைவிடத் தொடர்வதே கடினம். மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 2001-இல் தொடங்கிய 'சாரி' திட்டத்தில் சென்னை ஐஐடியுடன் அமெரிக்காவின் எம்ஐடி, ஹார்வர்டு ஆகியவையும் இணைந்திருந்தன. சென்னை ஐஐடி உருவாக்கிய 'கார்டெக்ட்' கம்பியில்லாத் தொழில்நுட்பத்தின் வழியே கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அரசுச் சான்றிதழ்களுக்கு அங்கிருந்தே விண்ணப்பிக்க முடிந்தது. அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்களிடம் ஆலோசனை பெறவும் வழி செய்யப்பட்டது. ஆனால், சில ஆண்டுகளில் பல மையங்கள் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை, தொழில்நுட்ப உதவியும் தொடரவில்லை. உரிய பயிற்சி பெற்றவர்கள் நடத்திய மையங்கள் கூடுதல் காலம் நீடித்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கருவியைவிட அதன் அருகே அமரும் ஆளுக்கே அதிகம் செலவிட வேண்டியிருக்கிறது.

மொழியும் ஒரு தடைதான். இதற்கு மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் கைகொடுக்கின்றன. ஏறத்தாழ 10 நிமிடங்களே ஓடும் இக்காணொலிகளைப் பார்த்தவாறே, பயில்பவர் அதே செயலைத் தம் கணினியில் செய்து பழகலாம். மராத்தி, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் இவை இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை பதிவிறக்கிக்கொண்டால், இணைய இணைப்பு இல்லாத அறையிலும் வகுப்பு நடத்தலாம்.