காய்ந்த கொடியும் ஒரு துண்டுச் சீட்டும்



பால்மரக் கன்றுகளுக்கும் செம்பனைக் கன்றுகளுக்கும் இடையே தரையை மூடிப் படரும் புவெரேரியா கொடியை நாம் நன்கு அறிவோம். காம்புக்கு மூன்று இலைகள், ஊதாப் பூக்கள், மெல்லிய காய்கள். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இக்கொடியின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள், காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உரமாக்கித் தருகின்றன.

பந்திங்கில் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ஒருமுறை இக்கொடியைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து, கனமான புத்தகங்களை மேலே அடுக்கிக் காயவைத்தார்கள். ஒருவன் நீலப் பூப் பூக்கும் கலப்போகோனியம் கொடியையும் கொண்டு வந்தான். ஒரு மாதம் கழித்துப் பிரித்தோம். இரண்டு பூக்களும் பழுப்பாகிவிட்டன. எதை யார், எங்கே பறித்தார் என்று எவருக்கும் நினைவில்லை. சீட்டு எழுதச் சொல்ல நாங்கள் மறந்திருந்தோம்.

கெப்போங்கில் உள்ள மலேசிய வன ஆராய்ச்சிக் கழகத்தின் உலர்தாவரக் காப்பகத்தில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்ட தாவர மாதிரிகள் உள்ளன. உலர்ந்த செடியைத் தடித்த தாளில் ஒட்டி, பறித்த இடம், நாள், பறித்தவர் பெயர், பூவின் நிறம் ஆகியவற்றை ஓரத்தில் குறிப்பது காப்பகங்களின் வழக்கம். காய்ந்தபின் மறைந்துவிடும் நிறத்தை அந்தச் சீட்டு காப்பாற்றுகிறது.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். நம் கொடியின் உறவான குட்ஸு, 1876-இல் பிலடெல்பியா கண்காட்சி வழியாக அமெரிக்காவுக்குச் சென்றது. மண்ணைக் காக்க நட்ட அக்கொடி, பிறகு மரங்களையே மூடும் களையாயிற்று. இத்தகைய கொடி எந்த ஆண்டில் எந்த ஊரை எட்டியது என்பதைத் தேதியுள்ள தாள்களை வரிசையாக வைத்து அறியலாம்.

1825-இல் டி கண்டோல் என்ற அறிஞர் புவெரேரியா என்னும் பேரினப் பெயரை வழங்கினார். இன்று அறிஞர் சிலர் நம் தோட்டக் கொடியை நியூஸ்டாந்தஸ் என்ற வேறு பேரினத்தில் சேர்க்கிறார்கள். அப்போதும் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. புதிய சீட்டை அருகில் ஒட்டுகிறார்கள்.

தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறிவரும் காலம் இது. பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒரு கொடியைக் காயவைத்தால், தோட்டத்தின் பெயரையும் தேதியையும் பூவின் நிறத்தையும் அன்றே எழுதச் சொல்லுங்கள். பறித்தவர் பெயராகத் தன் பெயரையும் எழுதட்டும். நாளை அந்தத் தோட்டம் இல்லாமற்போனாலும், அங்கே அக்கொடி படர்ந்ததற்கு அந்தத் தாள் சாட்சி சொல்லும்.