துடுப்புப் பிடிக்காமல் ஐந்து ஒலிம்பிக் பதக்கம்

தெலுக் பாஹாங் அணைக்கட்டில் டிராகன் படகுப் போட்டி பார்த்தவர்களுக்குத் தெரியும். 20 பேர் துடுப்புப் போட, முன்னால் ஒருவர் முரசடிப்பார். பின்னால் ஒருவர் நின்றபடி படகைத் திருப்புவார். ஒலிம்பிக்கில் எண்மர் படகில் இந்த இரண்டு வேலையும் ஒருவருக்கே. அவர்தான் காக்ஸ்வெய்ன்.

துடுப்பு வலிக்கும் எட்டுப் பேரும் போகும் திசைக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருப்பார்கள். எதிரே பார்ப்பவர் இவர் மட்டுமே. 2000 மீட்டர், ஆறு நிமிடத்துச் சொச்சம். எதிரணி எங்கே வருகிறது, எப்போது வேகத்தைக் கூட்டுவது என்பதை இவர்தான் சொல்லவேண்டும். சுக்கானை அதிகம் திருப்பினால் படகின் வேகம் குறையும். அதனால் கை அசையாமல் இருப்பதும் ஒரு திறமைதான்.

"குள்ளமாக இருக்கிறாள், விளையாட்டுக்கு ஆகமாட்டாள்" என்று பெண்பிள்ளைகளை ஒதுக்குகிறோமே, இங்கே அந்தப் பேச்சு எடுபடாது. காக்ஸ்வெய்ன் எடை 55 கிலோவுக்குக் குறைந்தால், குறைகிற எடையைப் படகில் ஏற்றிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

கனடாவின் லெஸ்லி தாம்சன்-வில்லி 1984இல் நால்வர் படகில் வெள்ளி வென்றார். 1992 பார்சிலோனாவில் எண்மர் படகில் தங்கம், 1996இல் வெள்ளி, 2000இல் வெண்கலம். 2004இல் அவர் இல்லை. முடிந்தது என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். 2012 லண்டனில் மீண்டும் வெள்ளி, 52 வயதில்! இத்தனைக்கும் அவர் பார்த்த வேலை பல்கலைக்கழக நூலகத்தில். 2016 ரியோ அவருடைய 8ஆவது ஒலிம்பிக். கனடா ஐந்தாவதாக வந்தது.