எலும்புக்கூட்டை ஆட வைத்த இசை!

நள்ளிரவு. மணிக்கூண்டில் மணி அடிக்கிறது. வவ்வால்கள் பறக்கின்றன. நாய் ஊளையிடுகிறது. கல்லறைத் தோட்டத்தில் இரண்டு பூனைகள் சீறிச் சண்டை போடுகின்றன. திடீரென்று கல்லறைக்குப் பின்னால் ஓர் எலும்புக்கூடு எழுந்து நிற்கிறது!

இது, 1929-ம் ஆண்டில் அமெரிக்காவில் வால்ட் டிஸ்னி வெளியிட்ட "எலும்புக்கூடுகளின் நடனம்" என்ற கார்ட்டூன் படம். சுமார் 5½ நிமிடம் ஓடும். படத்தில் பேச்சே கிடையாது. திகிலை ஊட்ட வேண்டிய பொறுப்பு இசையின் தலையில் விழுந்தது.

அந்த இசையை அமைத்தவர் கார்ல் ஸ்டாலிங். ஊமைப் படக் காலத்தில், கன்சாஸ் நகரத் தியேட்டரில், திரையைப் பார்த்தபடியே ஆர்கன் வாசித்தவர்.

யாருக்கு யார் அடங்குவது?

இசைக்கு ஏற்பப் படம் வரைய வேண்டும் என்றார் ஸ்டாலிங். படத்துக்கு ஏற்ப இசை வேண்டும் என்றார் டிஸ்னி. இருவருக்கும் வாக்குவாதம் வளர்ந்தது. முடிவில் சமரசம் ஏற்பட்டது. மிக்கி எலிப் படங்களில் இசை அடங்கிப் போகும். தனியாகத் தொடங்கும் புதிய படவரிசையில் இசையே முன்னால் நிற்கும். அந்த வரிசையின் முதல் படம்தான் இது. எலும்புக்கூடுகளை ஆட விடலாம் என்ற யோசனையும் ஸ்டாலிங் சொன்னதே.

காதில் 'டிக்... டிக்...'

பேசும் படத்தில் விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. 12 படத்துக்கு ஒரு தாளம் என்று வைத்தால், அரை விநாடிக்கு ஓர் அடி விழும். எலும்புக்கூடு காலைத் தரையில் வைக்கும் அதே கணத்தில் வாத்தியமும் ஒலிக்க வேண்டும். சற்றுப் பிந்தினாலும் பயம் போய்விடும்!

இதற்கு ஸ்டாலிங் ஒரு வழி கண்டார். கடிகாரம்போல் 'டிக், டிக்' என்று ஒலிக்கும் தாளத்தை வாத்தியக்காரர்களின் காதில் கேட்கச் செய்தார். அதைக் கேட்டபடியே அவர்கள் வாசித்தார்கள்.

பயத்துக்கு நடுவே சிரிப்பும் உண்டு. ஓர் எலும்புக்கூடு, இன்னொன்றின் முதுகெலும்பைத் தட்டிச் சைலபோன்போல வாசிக்கிறது! கடைசியில் சேவல் கூவுகிறது. எலும்புக்கூடுகள் அலறியடித்துக் கல்லறைக்குள் ஓடுகின்றன.

ஸ்டாலிங் பிறகு வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்தில் 1936 முதல் 1958 வரை நூற்றுக்கணக்கான கார்ட்டூன்களுக்கு இசை அமைத்தார். இன்று கம்ப்யூட்டரில் இசை அமைப்பவர்களும் காதில் அந்த 'டிக்' ஒலியைக் கேட்டே வாசிக்கிறார்கள்.

அடுத்த முறை ஒரு திகில் காட்சியைப் பார்க்கும்போது, சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாதிப் பயம் பறந்துவிடும்!