பால் பாக்கெட்டில் ஒரு வேப்பமரம்: ஜூனில் விதை, அக்டோபரில் கன்று!

‘இருக்கிறதே ஒண்டுக்குடித்தனம். இதுல மரம் எங்கங்க வளர்க்கிறது?’ - ‘வீட்டுக்கொரு மரக்கன்று’ என்று பள்ளியில் சொல்லி அனுப்பினால், ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருக்கும் உங்களுக்கு முதலில் இந்தக் கேள்விதான் வரும். கவலைப்படாதீங்க. வீட்டில் வளரப்போவது மரமல்ல, முதல் 4 மாதக் கன்றுதான். வெயில் விழும் படிக்கட்டு ஓரமே அதற்குப் போதும்.

ஏன் நாட்டு மரம்?

2016 டிசம்பரில் வீசிய வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்த மரங்கள் அவற்றில் ஏராளம். உப்புக்காற்று அடிக்கும் நம்ம ஏரியாவில் புன்னை, பூவரசு, புங்கன், வேம்பு எல்லாம் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தல மரம் மகிழம் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். எண்ணூர் பக்கம் பறக்கும் சாம்பலையும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியையும் மரங்களால் ஒழித்துவிட முடியாது. ஆனால், கொஞ்சத்தை இலையில் பிடித்து வைக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நிழல் தரும்.

எப்படி வளர்ப்பது?

வேம்பில் தொடங்குங்கள். பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில்தான் வேப்பம்பழமும் உதிரும். சதையைக் கழுவி, கொட்டையை நிழலில் ஓரிரு நாள் உலர்த்தி உடனே விதைத்துவிடுங்கள். சில வாரங்கள் போனாலே வேப்பங்கொட்டையின் முளைப்புத்திறன் குறைந்துவிடும்.

1 லிட்டர் பால் பாக்கெட்டின் அடியில் நாலைந்து ஓட்டை போடுங்கள். செம்மண் 2 பங்கு, ஆற்று மணல் 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு கலந்து நிரப்புங்கள். ‘பக்கத்துலதானே இருக்கு’ என்று கடற்கரை மணலை அள்ளிவந்து விடாதீர்கள். அதிலுள்ள உப்பு கன்றைக் கருக்கிவிடும். போர் தண்ணீர் கரிக்கிறதா? அரிசி, காய்கறி கழுவிய தண்ணீர் போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும்.

மாடியில் வைப்பதாக இருந்தால் சிமென்ட் தரையின் சூடு தாக்காமல் செங்கல் மேல் வையுங்கள். இலையில் தூசு படிந்தால் வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுங்கள். முதலில் அரை நிழல், கடைசி மாதம் நல்ல வெயில். அப்போதுதான் வெளியே நட்டதும் வாடாது.

எங்கே நடுவது?

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நடலாம். மின்கம்பிக்குக் கீழே வேண்டாம். பள்ளி வளாகமோ தெருவோரமோ, முதலில் அனுமதி கேட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

கென்யாவில் வங்காரி மாத்தாய் 1977-ல் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், கன்று பிழைத்தால்தான் அதை வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை கிடைக்கும். நாமும் அப்படியே கணக்கு வைப்போம். நட்ட பிறகு முதல் 2 கோடைக்கும் யார் தண்ணீர் ஊற்றுவது என்று இப்போதே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.