கொரியப் போர் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த வழி

1954 பிப்ரவரியில் ‘ஆஸ்டூரியாஸ்’ என்ற கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. கொரியாவில் காவல் பணி முடித்துத் திரும்பிய இந்தியச் சிப்பாய்களோடு 88 வெளிநாட்டவர்களும் அதில் இருந்தார்கள். 76 பேர் கொரியர்கள், 12 பேர் சீனர்கள். எல்லோரும் போர்க்கைதிகள். வட கொரியாவா தென் கொரியாவா, மாவோவின் சீனாவா சியாங் கை ஷேக்கின் தைவானா என்று கேட்டபோது, எதுவும் வேண்டாம், நடுநிலை நாடு எதற்காவது அனுப்புங்கள் என்று சொன்னவர்கள். அப்போதைக்கு அவர்களுக்குக் கதவைத் திறந்தது இந்தியா. சென்னையில் இறங்கி டெல்லிக்குப் போனார்கள். பிறகு பெரும்பாலோர் பிரேசில், அர்ஜென்டினா என்று குடியேறிவிட்டார்கள். ஒரு சிலர் இங்கேயே தங்கி வாழ்ந்து முடித்தார்கள்.

இன்று செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குக் கொரிய எழுத்துப் பலகைகள் பழகிப்போனவை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங், சுங்குவார்சத்திரத்தில் தைவானின் ஃபாக்ஸ்கான், ஒரகடத்துக்கு ஜப்பானின் நிசானும் வந்தது. தாராளமயம் வந்தது, சிப்காட் நிலம் கொடுத்தது, துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, அதனால் வந்தார்கள் என்று இந்தக் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். அத்தனையும் உண்மைதான். ஆனால் வந்தவர்களின் ஊர்களை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். கொரியா, தைவான், ஜப்பான் மூன்றும் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவும் சோவியத் யூனியனும் மோதிக்கொண்ட பனிப்போரின் முன்வரிசை. அந்த மோதல் நடக்காமல் இருந்திருந்தால் இந்த நெடுஞ்சாலை இப்படி இருந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கொரியப் போர் 1950 ஜூனில் தொடங்கியது. இந்தியா துப்பாக்கி தூக்க மறுத்து, மருத்துவப் படையை மட்டும் அனுப்பியது. அந்த 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸுக்குத் தலைமை தாங்கியவர், பெயரின் முதலெழுத்தில் ஆற்காட்டைச் சுமந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். சீனப் படைகள் நெருங்கி, பியோங்யாங்கை விட்டு எல்லோரும் ஓடிக்கொண்டிருந்த நேரம். மருந்தையும் கருவிகளையும் ஏற்ற வண்டி இல்லை. போட்டுவிட்டு வாருங்கள் என்றார்கள். இவர்கள் ஒரு பழைய நீராவி எஞ்சினைத் தேடிப் பிடித்து, தாங்களே ஓட்டி, தகர்க்கப்படவிருந்த பாலத்தைக் கடந்து தெற்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 1953 ஜூலையில் சண்டை நின்றதும், ஊர் திரும்ப மறுத்த இருபத்திரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளைக் காக்கும் பொறுப்பு இந்தியப் படையிடம் வந்தது. அந்தக் கைதிகளின் கதியை முடிவுசெய்த ஐந்து நாட்டு ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மய்யா. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீ, இந்தியச் சிப்பாயின் கால் தன் மண்ணில் படக்கூடாது என்றார். அதனால் சிப்பாய்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் எல்லைக்கோட்டில் இறக்கினார்கள்.

அதே போரில், தெற்கு முனையிலிருந்த பூசானில் ஒரு கட்டடக் காண்ட்ராக்டர் அமெரிக்கப் படைக்குக் கொட்டகை போட்டுக்கொண்டிருந்தார். பெயர் சுங் ஜூ யுங். வடக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்து, அப்பா மாடு விற்று வைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடிவந்தவர். தம்பிக்கு ஆங்கிலம் தெரியும். அமெரிக்க ராணுவப் பொறியாளர்களிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்த வழியில் வேலைகள் கிடைத்தன. 1952 டிசம்பரில், அமெரிக்க அதிபராகத் தேர்வாகியிருந்த ஐசன்ஹோவர் வருகிறார், போர்வீரர் கல்லறைத் தோட்டம் பச்சையாக இருக்க வேண்டும் என்றார்கள். கடும் பனிக்காலம், புல்லுக்கு எங்கே போவது? வயலில் முளைத்திருந்த பார்லிப் பயிரை லாரி லாரியாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் தொடங்கிய கம்பெனிதான் ஹூண்டாய். அடுத்து வியட்நாம் போர் வந்தது. தென் கொரியா மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை அங்கே அனுப்பியது. பதிலுக்கு அமெரிக்க டாலரும் காண்ட்ராக்டுகளும் வந்தன. ஹூண்டாய் அங்கேயும் வேலை எடுத்தது. 1967-இல் கார் கம்பெனி பிறந்தது. வடக்கைவிடத் தெற்கு வளமாகத் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் வாஷிங்டனுக்கு இருந்ததால், அமெரிக்கச் சந்தை கொரியச் சரக்குக்குத் தாராளமாகத் திறந்திருந்தது.

நாம் வேறு வழியில் போனோம். 1955 ஜனவரியில், செம்பரம்பாக்கத்துக்கு வடக்கே ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சோஷலிச பாணி சமுதாயம் என்று தீர்மானம் போட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் நேரு, இந்தோனேசியாவின் பாண்டுங்கில் கூடிய ஆசிய-ஆப்பிரிக்க நாடுகளின் மாநாட்டில் இருந்தார். இரண்டு பக்கமும் சேராமல் இரண்டு பக்கமும் வாங்கினோம். நெய்வேலி அனல்மின் நிலையத்துக்கு சோவியத் உதவி, கிண்டி ஐ.ஐ.டி.க்கு மேற்கு ஜெர்மனி உதவி. ஆவடி டாங்கி தொழிற்சாலையில் முதலில் செய்தது பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைத்த விஜயந்தா. 1965 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்தது. அந்த ஆண்டுப் போரில் பாகிஸ்தான் அமெரிக்க பேட்டன் டாங்கிகளோடு வந்திருந்தது. ஆயுதம் தர மாட்டோம் என்று அமெரிக்காவும் பிரிட்டனும் கையை விரித்தன. அதற்குப் பிறகு மாஸ்கோவின் பக்கம் சாய்ந்தோம். 1980களில் ஆவடியில் சோவியத் டி-72 அஜேயா என்ற பெயரில் உருவானது. அதன்பின் டி-90, பீஷ்மா. ஏரிக்கு வடக்கே ரஷ்ய டாங்கி, மேற்கே கொரியக் கார். நடுவே அதிகத் தூரம் இல்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் 1991 இருக்கிறது. மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூர் தேர்தல் கூட்டத்தில் ராஜீவ் காந்தி விடுதலைப் புலிகளின் மனித வெடிகுண்டுக்குப் பலியானார். அதை ஈழப் பிரச்சினையின் பக்கமாகவே எழுதுகிறோம். அது சரிதான். ஆனால் 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு ராஜீவும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட கடிதங்களைப் படித்தால் பனிப்போரின் வாசனை தூக்கலாக அடிக்கும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்திய நலனுக்கு எதிராக எந்த நாட்டின் ராணுவத்துக்கும் தரக்கூடாது. அங்கிருக்கும் எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்க வேண்டும். வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக்கூடாது. கடைசி வரி வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவை மனதில் வைத்து எழுதப்பட்டது. தமிழர் உரிமைக்கான ஒப்பந்தத்தில் டெல்லியின் இன்னொரு கவலையும் ஏறி உட்கார்ந்திருந்தது. ஈழத் தமிழர்கள் அதற்குக் கொடுத்த விலையை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. அந்த ஒப்பந்தத்தின்படி இலங்கைக்கு அமைதிப்படையில் போன இந்தியச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை.

ராஜீவ் இறந்து இரண்டு மாதத்தில் நாட்டின் தங்கம் 47 டன் வெளிநாட்டில் அடகுக்குப் போனது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியிருந்தது. ரூபாயிலேயே கணக்குத் தீர்த்துக்கொண்டிருந்த சோவியத் வியாபாரமும் சரிந்துகொண்டிருந்தது. ஜூலை 24 பட்ஜெட்டில் மன்மோகன் சிங் கதவைத் திறந்தார். டிசம்பரில் சோவியத் யூனியனே இல்லாமல் போனது. 1996-இல் ஹூண்டாய் வந்தது. 1998 ஜூனில், 82 வயது சுங் ஜூ யுங் லாரிகளில் 500 மாடுகளை ஏற்றிக்கொண்டு எல்லையைக் கடந்து வட கொரியாவுக்குப் போனார், அப்பாவிடம் எடுத்த மாட்டுக் காசின் கடனைத் தீர்க்க. அக்டோபரில் இன்னும் 501. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவே, செப்டம்பரில், இருங்காட்டுக்கோட்டை சான்ட்ரோ விற்பனைக்கு வந்தது.

தொழிற்சாலை வரும்போது அது வளர்ந்த காலமும் கூடவே வருகிறது. பனிப்போர் கால தென் கொரியாவில் சங்கம் வைப்பவன் வடக்கின் கையாள் என்று சந்தேகிக்கப்பட்டான். தொழிலாளர் சட்டத்தை மதியுங்கள் என்று முழங்கி, 1970 நவம்பரில் சியோலில் தையல் தொழிலாளி ஜியோன் டே இல் தீக்குளித்தார், வயது 22. சங்கம் இல்லாமலே நடத்துவது என்பதை சாம்சங் பல பத்தாண்டுகள் கொள்கையாகவே வைத்திருந்தது. 2020-இல்தான் அதன் அப்போதைய துணைத் தலைவர் லீ ஜே யோங் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதன் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள் நீடித்தது. சம்பள உயர்வு கேட்டார்கள். அதைவிட அழுத்தமாக, சி.ஐ.டி.யு. சார்ந்த சங்கத்தை அங்கீகரிக்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் செங்கொடி, மறுபக்கம் தென் கொரியாவில் தலைமையகம். இங்கே தொழிற்சங்கச் சட்டம் 1926-இலேயே வந்துவிட்டது. அது கொடுத்த உரிமைக்கு ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் உட்கார வேண்டியிருந்தது நியாயமில்லை. சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது.

தைவானின் கதையும் இதே அச்சுதான். 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டுகளிடம் தோற்றவர்கள் தீவுக்குத் தப்பினார்கள். ஃபாக்ஸ்கானைத் தொடங்கிய டெர்ரி கோவின் பெற்றோரும் அப்படிப் போனவர்களே. தீவை அமெரிக்கக் கடற்படை காத்தது, அமெரிக்க உதவிப் பணம் வளர்த்தது. 1966-இல் காவோசியுங் துறைமுகத்தில் ஏற்றுமதி மண்டலம் திறந்தார்கள்; கிராமத்துப் பெண்கள் ஷிப்டுக்கு வந்தார்கள். 1973-இல் வேலைக்குக் கிளம்பிய 25 இளம்பெண்கள் படகு கவிழ்ந்து இறந்தார்கள். இன்று விடியற்காலையில் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் நின்றால், கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்க, தலையில் பூவோடு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்களைப் பார்க்கலாம். திருவண்ணாமலை, விழுப்புரம், அதற்கும் அப்பாலிருந்து வந்தவர்கள். ஹாஸ்டல் சாப்பாடு கெட்டுப்போய்ப் பலர் மருத்துவமனையில் சேர்ந்ததால், 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண்கள் நெடுஞ்சாலையை மறித்தார்கள். அதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் விடுதியை மாநில அரசு திறந்தது.

ஃபாக்ஸ்கான் செய்யும் ஐபோன் இங்கே வந்ததற்கும் காரணம் இரு வல்லரசுகளின் மோதலே. இந்த முறை அமெரிக்காவும் சீனாவும். 2018-இல் வரிச்சண்டை தொடங்கியதும், எல்லா முட்டையும் சீனாவின் ஷென்சென்னில் வேண்டாம் என்று கம்பெனிகள் முடிவெடுத்தன. சீனா சும்மா இருக்குமா? 2025 ஜூலையில் ஃபாக்ஸ்கானின் தென்னிந்திய ஆலைகளிலிருந்து முன்னூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்கள் திருப்பி அழைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அடுத்த மாதமே, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று சொல்லி இந்தியச் சரக்குக்கான வரியை 50 சதவீதமாக்கியது அமெரிக்கா. ஸ்மார்ட்போனுக்கு விலக்கு இருந்தது. திருப்பூர் பனியனுக்கு அது கிடைக்கவில்லை.

விலக்கு கொடுத்தவர்களால் அதை எடுக்கவும் முடியும். ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் வேலை இழந்ததை இந்தப் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. பாகங்களை இணைத்துப் போன் செய்யும் வேலையை வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவது எளிது. உதிரிபாகம் செய்யும் நூறு சிறு ஆலைகளைத் தூக்குவது அவ்வளவு எளிதில்லை. மின்னணு உதிரிபாகங்களுக்கென்று தமிழக அரசு 2025 ஏப்ரலில் தனித் திட்டம் அறிவித்திருக்கிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் இருக்கும் நம்மூர் சிறு தொழில்காரர்களுக்கு அந்தப் பணமும் தொழில்நுட்பமும் சீக்கிரம் போய்ச்சேர வேண்டும், ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்களுக்கு நிரந்தர வேலையும்.