வகுப்பறைக்கு அப்பால் – 9: மேரிலாந்தின் 75 மணி நேரம்

சென்ற வாரம், ஜான் டூயி 1896-ல் சிகாகோவில் தொடங்கிய சோதனைப் பள்ளியைப் பார்த்தோம். சமைத்தும் நெய்தும் மரவேலை செய்தும் பிள்ளைகள் கணக்கும் அறிவியலும் கற்ற பள்ளி அது. ஒரு பேராசிரியர் பல்கலைக்கழகத்தின் நிழலில் சில பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்ததை, ஒரு மாநிலம் முழுக்க லட்சக்கணக்கான மாணவர்களுக்குக் கட்டாயமாக்கினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடிக்கொண்டிருக்கிறது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம்.

தலைநகர் வாஷிங்டனை மூன்று பக்கமும் சூழ்ந்திருக்கும் சிறிய மாநிலம் அது. அங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் மாணவர் கணக்கிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் போதாது. சமூகப் பணி செய்து, அதன்வழி கற்ற 75 மணி நேரக் கணக்கைக் காட்ட வேண்டும். அல்லது மாநிலக் கல்வித் துறை ஒப்புக்கொண்ட, தன் மாவட்டத்தின் மாற்றுத் திட்டத்தை முடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் பள்ளி இறுதிச் சான்றிதழ் கிடைக்காது.

அமெரிக்கப் பள்ளிக் கல்வியின் கடிவாளம் வாஷிங்டனில் இல்லை. மாநிலங்களிடமும் பள்ளி மாவட்டங்களிடமும் இருக்கிறது. நாடு முழுக்கச் சுமார் 13,000 பள்ளி மாவட்டங்கள் உள்ளன. மேரிலாந்தில் 24 மட்டுமே: 23 கவுன்டிகளுக்கு ஒவ்வொன்று, பால்டிமோர் நகரத்துக்கு ஒன்று. ‘75 மணி நேரம்’ என்பது மாநிலத்தின் விதி. அதை எந்த வகுப்பில் தொடங்குவது, எந்த வேலை கணக்கில் சேரும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதையெல்லாம் மாவட்டம்தான் தீர்மானிக்கிறது. ஆகவே, மாவட்டத்திலிருந்து வரும் ஒவ்வொரு சுற்றறிக்கையையும் பெற்றோர் கவனமாகப் படிக்கிறார்கள்.

விதி வந்த கதை

1985-ல் மேரிலாந்து மாநிலக் கல்வி வாரியம், சமூகப் பணிக்கான வாய்ப்பை எல்லா மாவட்டங்களும் மாணவர்களுக்கு வழங்க வேண்டும் என்றது. வாய்ப்பு இருந்தது, பயன்படுத்திக்கொண்டவர்கள் குறைவு. ஏற்கெனவே ஆர்வம் உள்ள பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ராபர்ட் கென்னடியின் மூத்த மகளும், பின்னாளில் மேரிலாந்தின் துணை ஆளுநராக இருந்தவருமான கேத்லீன் கென்னடி டவுன்செண்ட், ‘மேரிலாந்து மாணவர் சேவைக் கூட்டமைப்பு’ வழியாக இதை எல்லா மாணவருக்கும் உரியதாக மாற்றப் பாடுபட்டார். பல மாவட்ட நிர்வாகங்கள் எதிர்த்தன. பணம் யார் தருவது, மேற்பார்வை யார் செய்வது, பாட நேரம் குறையாதா என்ற கேள்விகள் எழுந்தன. அவற்றையும் மீறி, 1992-ல் வாரியம் விதியை நிறைவேற்றியது. 1997-ல் பள்ளி முடித்தவர்கள் அந்த விதியின் கீழ் வந்த முதல் அணி. மாநிலம் முழுமைக்கும் இப்படி ஒரு கட்டாயத்தைக் கொண்டுவந்த முதல் அமெரிக்க மாநிலம் மேரிலாந்து.

‘கட்டாயப்படுத்திச் செய்வது தொண்டாகுமா?’ என்று கேட்டவர்கள் அப்போதும் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பெத்லகேம் பள்ளி மாவட்டம் 60 மணி நேரப் பணியைக் கட்டாயமாக்கியபோது, இரண்டு மாணவர்களும் பெற்றோரும் நீதிமன்றம் போனார்கள். அமெரிக்க அரசமைப்பின் 13-வது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. விருப்பத்துக்கு மாறாக வேலை வாங்குவதையும் தடை செய்கிறது. அந்தத் திருத்தத்தையே அவர்கள் கையில் எடுத்தார்கள். தொண்டு நல்லது என்ற கருத்தைத் தங்கள் மேல் திணிப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்றும் வாதிட்டார்கள். 1993-ல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டு வாதங்களையும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவில்லை. நியூயார்க் மாநிலத்தின் ரை நெக், வட கரோலினாவின் சேப்பல் ஹில் மாவட்டங்களுக்கு எதிரான வழக்குகளிலும் 1996-ல் இதே முடிவுதான் வந்தது. பணி கற்றலுக்காக அமைந்திருக்கிறது, மாணவருக்கு அதனால் பயன் உண்டு, எங்கே செய்வது என்பதில் அவருக்குத் தேர்வு இருக்கிறது. ஆகவே இது அடிமை வேலை ஆகாது.

சட்டத்தின் கேள்வி அத்தோடு முடிந்தது. கல்வியின் கேள்வி முடியவில்லை. அந்த 75 மணி நேரத்தில் மாணவர் உண்மையில் எதையாவது கற்கிறாரா?

ஓடைக்குள் ஒரு பாடம்

மேரிலாந்தின் விதியில் மூன்று படிகள் உண்டு: தயாரிப்பு, செயல், சிந்தனை. தயாரிப்புக்கும் சிந்தனைக்கும் செலவிடும் நேரமும் அந்த 75-ல் சேரும். விதியை எழுதியவர்கள் எதை விரும்பினார்கள் என்பது இதிலேயே தெரிகிறது. வேலை செய்வது மட்டும் போதாது. ஏன் செய்கிறோம் என்று முன்னரும், என்ன கண்டோம் என்று பின்னரும் யோசிக்க வேண்டும். இந்த மூன்றும் கூடினால் என்ன நடக்கும் என்பதற்கு ஓடைகளில் நடக்கும் பாடத்தைச் சொல்லலாம்.

மாண்ட்கோமரி கவுன்டியின் குடியிருப்புகளுக்கு நடுவே ஓடுகிறது ஸ்லைகோ ஓடை. அது அனகாஸ்டியாவில் சேர்ந்து, பொட்டோமாக் ஆற்றில் கலந்து, கடைசியில் செசபீக் விரிகுடாவை அடைகிறது. இப்படிப்பட்ட ஓடையில் மாணவர்கள் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் அணிந்து இறங்குகிறார்கள். நீரோட்டத்துக்குக் குறுக்கே இரண்டு பேர் வலையைப் பிடிக்கிறார்கள். சற்று மேலே நிற்கும் மூன்றாமவர் கற்களைப் புரட்டிக் கையால் தேய்த்துக் கழுவுகிறார். அடிமணலைக் காலால் கிளறுகிறார். கல்லில் ஒட்டியிருந்த பூச்சிகள் நீரோடு வந்து வலையில் விழுகின்றன. வலையை வெள்ளைத் தட்டில் உதறி, பிளாஸ்டிக் கரண்டியால் ஒவ்வொன்றாக எடுத்து, ஐஸ் கட்டி வார்க்கும் தட்டின் குழிகளில் வகைபிரித்து வைக்கிறார்கள். வாலில் பெரும்பாலும் மூன்று மெல்லிய இழைகள் உள்ளது மேஃப்ளை. இரண்டு இழைகள் உள்ளது ஸ்டோன்ஃப்ளை. இரண்டும் ஆக்சிஜன் மிகுந்த தூய நீரில்தான் வாழும். அவை இல்லாமல் சிவந்த புழுக்களும் அட்டைகளும் மட்டும் கிடைத்தால் ஓடை நலமாக இல்லை என்று பொருள்.

அடுத்த கேள்வி தானாக எழுகிறது: ஏன் நலமாக இல்லை? குளிர்காலத்தில் சாலையில் பனி உறையாமலிருக்கக் கொட்டும் உப்பு, மழையிலும் பனி உருகலிலும் கரைந்து ஓடைக்கே வருகிறது. அதே கவுன்டியின் கேதர்ஸ்பர்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐசக் வால்டன் லீக், நீரில் உப்பின் அளவைக் காட்டும் சோதனைத் தாள்களைத் தன்னார்வலர்களுக்குத் தருகிறது. பனிப்பொழிவுக்கு முன்னும் பின்னும் அளந்து பார்க்கும் மாணவருக்கு வேதியியல், உயிரியல், ஊராட்சி மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. எவ்வளவு உப்பு கொட்டுவது என்று முடிவெடுப்பது யார், அவர்களிடம் எப்படிப் பேசுவது என்பது அதற்கடுத்த பாடம்.

இந்த வகைக் கல்விக்கு அங்கே வலுவான பின்புலமும் இருக்கிறது. செசபீக் விரிகுடாவின் நீர்ப்பிடிப்பு ஆறு மாநிலங்களிலும் வாஷிங்டனிலும் பரந்தது. அதைக் காக்க 2000-ல் செய்த ஒப்பந்தத்தில், அந்தப் பகுதியின் ஒவ்வொரு மாணவரும் பள்ளி முடிப்பதற்குள் ஓடையிலோ விரிகுடாவிலோ பொருளுள்ள ஒரு களப்பாடம் பெற வேண்டும் என்று எழுதினார்கள். 2014 ஒப்பந்தம் அதைத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு முறையாவது என்று விரித்தது. 2011-ல் சுற்றுச்சூழல் அறிவைப் பள்ளி இறுதிச் சான்றிதழுக்கான நிபந்தனையாக்கிய முதல் மாநிலமும் மேரிலாந்துதான்.

மணிக்கணக்கு கற்றலை விழுங்கும்போது

எல்லா 75 மணி நேரமும் இப்படி அமைவதில்லை என்பதுதான் கவலை.

மாண்ட்கோமரி கவுன்டியை எடுத்துக்கொள்வோம். சுமார் 1,60,000 மாணவர்கள் படிக்கும், மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளி மாவட்டம் அது. ஐந்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையிலிருந்தே நேரத்தைச் சேர்க்கத் தொடங்கலாம். சம்பளம் வாங்கக் கூடாது. மதப் பிரசாரமாக இருக்கக் கூடாது. கோயிலிலோ தேவாலயத்திலோ வழிபாட்டோடு சேர்ந்த வேலை கணக்கில் வராது. வீடற்றவர்களுக்காக உணவுப் பொட்டலம் கட்டுவது போன்ற பொதுப்பணி வரும். விதிகள் தெளிவானவை, நியாயமானவை. ஆனால் எந்த நாளில் எத்தனை மணி நேரம் என்ற கட்டங்களும் மேற்பார்வையாளரின் கையெழுத்துமே பெற்றோரின் கண்ணில் முதலில் படுகின்றன. மாணவர் தன் சிந்தனையை எழுத வேண்டிய இடத்தைச் சில வரிகளில் நிரப்பிவிடலாம்.

மூன்று படிகளில் நடுப்படியை மட்டும் எண்ணுவது எளிது. எண்ண எளிதாக இருப்பதே நிர்வாகத்தின் கையில் நிற்கிறது. ஒரு நிகழ்ச்சியில் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்த மூன்று மணி நேரமும், ஓடையில் நின்ற மூன்று மணி நேரமும் பதிவேட்டில் ஒரே எண்ணாகின்றன. எல்லா அனுபவமும் கல்வி ஆகிவிடாது என்று டூயி 1938-ல் ‘அனுபவமும் கல்வியும்’ நூலில் எச்சரித்தது இதைத்தான்.

ஆய்வும் இதே கவலையைக் கிளப்புகிறது. மேரிலாந்தின் விதியை ஆராய்ந்து பொருளியலாளர் சாரா ஹெல்ம்ஸ் 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விதி வந்தபின் எட்டாம் வகுப்பு மாணவரிடையே தன்னார்வப் பணி கூடியிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரிடையே குறைந்திருந்தது. சின்ன வகுப்பிலேயே நேரத்தை முடித்தவர்கள், ஓரளவு பக்குவம் வந்து உண்மையில் பயன்படக்கூடிய வயதில் ஒதுங்கிக்கொண்டார்கள் என்றே இதைப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. சுமையாகத் தந்தால், இறக்கி வைத்ததும் பிள்ளை திரும்பிப் பார்க்காது.

இன்னொரு பிரச்சினை சமத்துவம். அம்மாவோ அப்பாவோ காரில் கொண்டுபோய் விட, தொண்டு நிறுவனத்தில் தெரிந்தவர் இருக்க, கோடை விடுமுறை முழுவதும் கையில் இருக்கிற பிள்ளைக்கு 75 மணி நேரம் பெரிதல்ல. மாலையில் கடையில் வேலை பார்த்தோ, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டோ குடும்பத்தைத் தாங்கும் பிள்ளைக்கு அது மலை. இதை உணர்ந்து பல மாவட்டங்கள் சேவையைப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்தன. அறிவியல் வகுப்பிலோ சமூகவியல் வகுப்பிலோ ஆசிரியர் நடத்தும் பணிக்கே நேரம் தரப்படுகிறது. எந்தப் பிள்ளையும் விடுபடாது என்பது இதன் பெரிய நன்மை. ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் இல்லாவிட்டால், தான் ஒரு சேவை செய்தோம் என்பதே மாணவருக்குத் தெரியாமல் நேரம் ஏறிவிடும் என்பது இதன் ஆபத்து.

சம்பளத்தோடு படிப்பு

மேரிலாந்து இப்போது அடுத்த கட்டத்துக்கு நகர்கிறது. வில்லியம் கிர்வன் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைகளைக் கொண்டு 2021-ல் ‘மேரிலாந்தின் எதிர்காலத்துக்கான வரைபடம்’ என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2030–31 கல்வியாண்டுக்குள், அரசு உயர்நிலைப் பள்ளி முடிக்கும் மாணவரில் 45 சதவீதம் பேர் பதிவுபெற்ற தொழில் பயிற்சியையோ தொழில்துறை ஏற்கும் சான்றையோ பெற்றிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. மாநிலத்தின் இளையோர் தொழில் பயிற்சித் திட்டத்தில் 11, 12-ம் வகுப்பு மாணவர் குறைந்தது 450 மணி நேரம் சம்பளத்தோடு பணியிடத்தில் கற்கிறார். அதோடு ஓராண்டு வகுப்பறைப் பாடமும் உண்டு. ஃப்ரெடரிக், வாஷிங்டன் ஆகிய இரண்டு கவுன்டிகளில் சோதனை முறையில் தொடங்கிய திட்டம் இது.

குடும்பத்துக்காக உழைக்க வேண்டிய பிள்ளைக்கு, உழைப்பையே கல்வியாக ஏற்கும் இந்த வழி பெரிய ஆறுதல். ஆனால் 75 மணி நேரத்தில் நடந்த தவறு 450 மணி நேரத்திலும் நடக்கக் கூடாது. பணியிடத்தில் வழிகாட்டுபவர் யார், பள்ளிக்குத் திரும்பியதும் மாணவரோடு உட்கார்ந்து பேசுபவர் யார் என்று பெயர் சொல்லிக் குறிக்காத திட்டம் மலிவான வேலையாளைத்தான் உருவாக்கும்.

என் முடிவு இது. கட்டாயம் சரியானதே. விருப்பத்துக்கு விட்டிருந்த 1985 முதல் 1992 வரையிலான காலம், வாய்ப்பு வசதியுள்ளவர்களிடமும் ஆர்வமுள்ளவர்களிடமும் நின்றுவிடும் என்று காட்டிவிட்டது. மாற வேண்டியது அளக்கும் முறை. 75 மணி நேரத்தைச் சிறுசிறு நிகழ்ச்சிகளில் பொறுக்கிச் சேர்க்கவிடாமல், உயர்நிலை வகுப்புகளில் முழுமையான ஒரு திட்டத்தையாவது தயாரிப்பிலிருந்து சிந்தனை வரை முடிக்கச் சொல்ல வேண்டும். அதை நடத்தும் ஆசிரியருக்கு அவருடைய பணி நேரத்திலேயே இடம் ஒதுக்க வேண்டும்.

மேரிலாந்தில் இந்தத் தொடரைப் படிக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி மாவட்டங்களின் கல்வி வாரியக் கூட்டங்கள் பொதுமக்கள் பேசுவதற்கு இடம் தருகின்றன. பேசுவதற்குக் குடியுரிமை தேவையில்லை. உங்கள் பிள்ளையின் நேரம் நிறைந்துவிட்டதா என்று விசாரிப்பதோடு நிற்காதீர்கள். ஒரு மாலை அங்கே போய், அந்த நேரத்தில் பிள்ளைகள் என்ன கற்கிறார்கள் என்பதை மாவட்டம் எப்படி அறிகிறது என்று கேளுங்கள்.

(தொடரும்)